போன வருஷத்து மாடல்

சனிக்கிழமை காலை. அடுகோடியில் லேத் பட்டறைகள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மகாலட்சுமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தரையில் கிடந்த பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு நிறம். ஒரு செங்கல் அளவுதான். நடுவில் மிதித்தால் காதில் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் நிறுத்துவார். இடது பக்கம் மிதித்தால் பின்னால் போய், சொன்னதையே மறுபடி சொல்வார். அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டு இங்கே டைப் அடிப்பதுதான் மகாவின் வேலை. இத்தனை வருடமாக இரண்டு கையோடு அந்த வலது காலும் சேர்ந்துதான் சம்பாதித்தது.

பெடலை நேற்று ஆபீஸிலிருந்து வாங்கி வந்தவன் அவள் கணவன் சீனு. இன்று காலை சவாரிக்குக் கிளம்பும்போதும் அதைத்தான் பேசினான்.

"திங்கக்கிழமை காலைல டெஸ்ட் ஃபைல் அனுப்புவாங்களாம். வீட்டுல இருந்து வேலை பண்ண ரெண்டே சீட்டுதான்னு அல்போன்சா மேடம் சொன்னாங்க. டைமுக்கு முடிக்கலன்னா சீட்டு வேற பொண்ணுக்குப் போயிடுமாம்."

"லேப்டாப் வந்துடுமாங்க?"

"மச்சான் இன்னிக்குக் கொண்டாந்து குடுக்கறேன்னு சொல்லிட்டாரு. நீ கவலைப்படாத மகா."

கவலைப்படாதே என்று சொன்னவன் கார் சாவியை மறந்துவிட்டுப் போய், பாதித் தெரு நடந்த பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

போன வாரம் டாக்டரம்மா சொன்னது மகா, சீனு, மாமியார் லட்சுமம்மா மூன்று பேர் காதிலும் இன்னும் இருந்தது. பஸ் வேண்டாம், படி வேண்டாம், பைக் வேண்டவே வேண்டாம். ஐந்து மாதம் முடியும்வரை வீட்டோடு இருக்க வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு முறை தங்காமல் போயிருக்கிறது. இந்த முறையும் அப்படி ஆனால் அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மகாவின் ஆபீஸ் மூன்றாவது மாடியில். வேலையை விட்டுவிடலாம் என்றால், சீனு ஓட்டிய கால் சென்டர் வண்டிக்கு ஒப்பந்தம் முடிந்து போய், இப்போது கூப்பிட்டால்தான் சவாரி. வாரா வாரம் அவளுக்குப் போடும் ஊசி அவள் சம்பளத்தில்தான் வந்தது. அந்த ஊசி இருந்தால்தான் வயிற்றில் இருப்பது தங்கும்.

ஆபீஸில் மகாவுக்கு மேலே இருந்த அல்போன்சா மேடம்தான் இந்த வழியைக் காட்டினார். கூடவே ஒரு லேப்டாப்பின் பெயரையும் சொன்னார்.

"போன வருஷம் வந்தது பாரு, அந்த மாடல்தான் வாங்கணும். அதே பேர்ல இந்த வருஷம் ஒண்ணு வந்திருக்கு, அதை எடுத்துடாத. நம்ம பெடல் முனை மாட்டற இடத்தை அதுல எடுத்துட்டாங்க. புது மாதிரி பெடல் நமக்கு வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

அந்த மாடலின் பெயரையும் நம்பரையும் சீனு தன் மச்சானிடம் கொடுத்திருந்தான். மகாவின் அண்ணன் ஹரிஷ்குமார் தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். எஸ்.பி. ரோடில் அவனுக்குத் தெரிந்த கடை உண்டு.

ஆனால் எதற்கு என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சும்மா வீட்டில் வைத்துக்கொள்ள என்று சீனு சொல்லியிருந்தான். அது மாமியார் லட்சுமம்மாவின் கட்டளை.

"ரெண்டு தடவயும் ஊரெல்லாம் சொன்னோம். உங்கம்மா குடியாத்தத்துல இருந்து வளையலும் பலகாரமுமா வந்து எறங்குனாங்க. அப்புறம் இன்னா ஆச்சு? இந்த தடவ அஞ்சு மாசம் முடியற வரைக்கும் இந்த வூட்டு வாசப்படிய சேதி தாண்டக்கூடாது. உங்கண்ணனுக்கும் சேத்துதான் சொல்றேன்."

மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி அலமாரியில் வைக்கும் முன்னால் லட்சுமம்மா முடிச்சை மறுபடி மறுபடி இழுத்துச் சரிபார்த்ததை மகா பார்த்தாள். அதனால் எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கும் அதே பயம்தான்.

*

பத்து மணிவாக்கில் பைக் சத்தம் கேட்டது.

"என்னடி, சனிக்கிழமைன்னா மகாராணி கட்டிலை விட்டு எறங்கறதில்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஹரிஷ் உள்ளே வந்தான். மார்போடு ஒரு அட்டைப்பெட்டியை அணைத்திருந்தான்.

மகா போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டாள். "தலைவலிண்ணா."

"இதைப் பாரு, தலைவலி போயிடும்."

பெட்டியின் மேல் எழுதியிருந்த நம்பரை மகா படித்தாள். மறுபடி படித்தாள். பெயர் சரியாக இருந்தது. நம்பர் வேறு.

"அண்ணா... இது..."

"புதுசு! இந்த மாசம்தான் வந்திருக்கு. உன் வீட்டுக்காரர் போன வருஷத்தத எழுதிக் குடுத்தாரு. எனக்கு அவரைத் தெரியாதா? பத்து ரூபா மிச்சம் பண்ண பத்து நாள் யோசிக்கிற மனுஷன். சும்மா வீட்டுல வச்சுக்கத்தானே, புதுசாவே இருக்கட்டும்னு நானே மேல போட்டு எடுத்துட்டேன்." அவன் பெட்டியைப் பிரித்தபடியே குரலைத் தாழ்த்தினான். "உன் கல்யாணத்தப்போ எனக்கு வேலை இல்ல. ஒரு குடம்கூட நான் வாங்கித் தரல. இதை அண்ணன் சீர்னு வச்சுக்கோ."

அப்படிச் சொன்ன பிறகு எந்த வாயால் பேசுவது?

லேப்டாப் அழகாகத்தான் இருந்தது. பழையதைவிட மெல்லிசு, திரையில் வெளிச்சம் அதிகம், மெமரி இரண்டு பங்கு. ஹரிஷ் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். மகா அதைத் திருப்பி முதுகுப்பக்கம் பார்த்தாள். பெடலின் அகலமான முனை மாட்ட வேண்டிய இடம் வழவழவென்று மூடிக் கிடந்தது. ஓரத்தில் இரண்டு சின்னச் சதுர ஓட்டைகள். அவ்வளவுதான் வித்தியாசம். புதிதாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பெட்டி மேலேயே போட்டிருந்தது. எதை எடுத்துவிட்டார்கள் என்று எங்கேயும் போடவில்லை.

"பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னண்ணா. காபி குடிச்சிட்டுப் போ."

அடுப்படியில் லட்சுமம்மா பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். மகா மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, மாத்தி வாங்கிட்டு வந்துட்டாரு."

"இன்னா மாத்தி?"

"புதுசு. இதுல பெடல் மாட்டாது."

லட்சுமம்மா பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றாள். கார்மென்ட்ஸில் வருடக்கணக்காகத் தையல் மிஷின் மிதித்தவள். கால் நின்றால் கையும் நிற்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மாத்திக் கேளேன்."

"எதுக்குன்னு கேப்பாரே அத்தை. ஆபீஸ் வேலைக்குன்னு சொன்னா, ஆபீஸ் போகாம வீட்டுல எதுக்குன்னு கேப்பாரு."

லட்சுமம்மா காபியில் சர்க்கரையை இரண்டு முறை போட்டாள்.

*

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு ஹரிஷ் முகம் சுளித்தான். "பாயசமா அத்தை இது?"

"குடி தம்பி. தித்திப்பாதான் இருக்கட்டும்."

மகா பின்பக்கம் போய் சீனுவுக்கு போன் செய்தாள். ஏர்போர்ட் ரோடில் வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"புதுசா? அய்யோ. நானே போயிருக்கணும் மகா. இந்த சவாரி ஆசைல..."

"இப்ப என்ன பண்றதுங்க?"

"வேலைய விட்டுடு. நான் ராத்திரியும் ஓட்டறேன்."

"போன வாரம் ரெண்டு நாள் உங்களை யாருமே கூப்பிடல."

"பாசஞ்சர் வந்துட்டாரு, அப்புறம் பேசறேன்," என்றான்.

உள்ளே வந்து மகா பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். ஆபீஸ் வேலையைக் கொஞ்சம் வீட்டிலும் செய்யலாம் என்று பார்த்ததாகவும், அதற்குப் பெடல் மாட்ட வேண்டும் என்றும், புதியதில் அதற்கு இடமில்லை என்றும் சொன்னாள்.

ஹரிஷ் பெடலைத் தூக்கிப் பார்த்தான். "இவ்வளவுதானா? முதல்லயே சொல்றதுக்கென்ன? இதுக்குன்னு சின்னதா ஒரு ஒயர் இருக்கு. ஒரு பக்கம் உன் பெடல், ஒரு பக்கம் லேப்டாப். எங்க ஆபீஸ்ல கெடக்குது, போய் எடுத்துட்டு வரேன்."

மகாவுக்கு அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது. அவன் திரும்பி வருவதற்குள், பெடலோடு ஆபீஸ் கொடுத்திருந்த புரோகிராம் சிடியைப் போட்டு எல்லாவற்றையும் தயார் செய்தாள். பழகிப் பார்க்க அல்போன்சா மேடம் அந்த சிடியிலேயே ஒரு பழைய ஃபைல் போட்டுக் கொடுத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே பேசும் டாக்டருடையது. ஆபீஸில் அவருக்கு மிக்சர் மாமா என்று பெயர். மருந்தின் பெயர் வரும்போதுதான் சரியாக எதையாவது கடிப்பார். பின்னால் போய்ப் போய்க் கேட்காமல் அவரிடம் ஒரு வரி தாண்ட முடியாது.

பெடல் இல்லாமல் கையாலேயே நிறுத்தி, கையாலேயே ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் விரலை எழுத்துகளிலிருந்து எடுத்து மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் கழுத்தில் வியர்த்துவிட்டது. திங்கட்கிழமை இப்படி அடித்தால் கொடுத்த நேரத்தில் பாதி ஃபைல்கூட முடியாது.

ஹரிஷ் ஒயரோடு வந்தான். மாட்டினான். "மிதி."

மகா மிதித்தாள். மிக்சர் மாமா பேச ஆரம்பித்தார். அவள் முகம் மலர்ந்தது. காலை எடுத்தாள்.

அவர் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். இடது பக்கம் மிதித்தாள். அப்போதும் மென்றுகொண்டே பேசினார்.

"இரு, இரு, கழட்டி மாட்டறேன்."

கழற்றி மாட்டினான். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டான். வேறு ஓட்டையில் செருகினான். வந்த குரல் நிற்கவே இல்லை. நின்றால் மறுபடி வரவில்லை. ஹரிஷ் அல்போன்சா மேடத்துக்கே போன் போடச் சொன்னான்.

"அந்த ஒயரா? மூணு பொண்ணுங்க வாங்கி ஏமாந்துட்டாங்க," என்றார் அவர். "நம்ம பெடலுக்கு அது ஒத்து வராது மகா. போன வருஷத்து மாடல்தான்னு அதனாலதானே அவ்வளவு சொன்னேன்?"

*

ஹரிஷ் கடைக்காரனுக்குப் போன் போட்டான். கன்னடத்தில் கொஞ்சம், இந்தியில் கொஞ்சம், கடைசியில் கெஞ்சல். வைத்துவிட்டு எழுந்தான்.

"போன வருஷத்தது ஸ்டாக் தீந்துடுச்சாம். கண்ணாடிக்குள்ள காட்சிக்கு வச்சது ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதையும் ஒருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காரு, சாயங்காலம் வராராம். அதுக்குள்ள போனா இதை வாங்கிக்கிட்டு அதைத் தருவான். கெளம்பு."

"நானா?"

"பின்ன? இந்தப் பெடல் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஒரு தடவ மாத்தி வாங்கியாச்சு. நீயே கடைல மாட்டி, மிதிச்சுப் பாத்து எடுத்துக்கோ. இங்க இருந்து எஸ்.பி. ரோடு எவ்வளவு தூரம்? பைக்ல ஏறு."

"தலைவலிண்ணா. நீயே போயிட்டு வந்துடேன்."

"காலைல இருந்து தலைவலியோடதானே டைப் அடிச்சே?"

அவன் வெளியே போய் பைக்கை உதைத்தான். சைலன்சரிலிருந்து நீலப்புகை வாசல்வரை வந்தது. மகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுகோடியிலிருந்து எஸ்.பி. ரோடு வரைக்கும் உள்ள ஒவ்வொரு பள்ளமும் அவள் கண்முன்னால் வந்தது.

"ஆட்டோல வேணா..." என்று ஆரம்பித்தாள். ஆட்டோவும் கூடாது என்று உடனே நினைவு வந்தது.

ஹரிஷ் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால், இருட்டில் நின்ற லட்சுமம்மாவைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது.

"ஆபீஸ் போய் எத்தன நாளாச்சு உனக்கு?"

மகா நிலைப்படியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நெனச்சேன். போன் பண்ணா எப்பவும் வீட்டுல இருக்க. அம்மா கூப்பிட்டா ஊருக்கு வரமாட்டேங்கற. இப்ப என்னடான்னா வீட்டுலயே ஆபீஸ், வாசலைத் தாண்டக்கூடப் பயப்படறே." அவன் பைக்கை அணைக்காமலே குரலை உயர்த்தினான். "அத்தை, நேரா கேக்கறேன். என் தங்கச்சிய வெளிய அனுப்பக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களா? சம்பளமும் வேணும், அவ வீட்டோட கெடக்கவும் வேணுமா உங்களுக்கு?"

பக்கத்துப் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

லட்சுமம்மா முன்னால் வந்தாள். இந்தத் தெருவில் தண்ணீர் லாரிக்காரனிலிருந்து வீட்டுக்காரன்வரை எல்லோரையும் வாயால் அடக்கியவள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"ஆமா தம்பி. நான்தான் போவக்கூடாதுன்னு சொன்னேன்."

"பாத்தியா! வாயாலயே சொல்றாங்க."

"சொன்னேன். அவ மேல கோவப்படாத. உனக்கு இன்னா திட்டணுமோ என்னியத் திட்டு."

அவ்வளவுதான் சொன்னாள். தெருவே பார்க்கிறது, மருமகளின் அண்ணன் கைநீட்டிப் பேசுகிறான், அவள் நின்றுகொண்டிருந்தாள். சாமி அலமாரியில் இருந்த அந்த முடிச்சுக்காகத்தான் இதையும் வாங்கிக்கொள்கிறாள் என்று மகாவுக்குத் தெரிந்தது.

"இப்பவே உன் வீட்டுக்காரருக்குப் போன் போடறேன். உன்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏறுடி வண்டில!"

"அண்ணா, வண்டிய நிறுத்து."

"நீ ஏறு முதல்ல."

"நான் ஏறக்கூடாது."

"யாரு சொன்னது? இவங்களா?"

"டாக்டர்." மகா நிலைப்படியை விடவில்லை. குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. "மூணு மாசம்ணா."

லட்சுமம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹரிஷ் சாவியைத் திருப்பினான். முதல் முறை கை வழுக்கியது. சத்தம் நின்றதும் தெருவில் எல்லாமே நின்ற மாதிரி இருந்தது.

"உன்னப் போயி..." என்றான். "நான் உன்னப் போயி பைக்ல ஏறச் சொன்னேனே மகா."

அவன் இறங்கி வந்து லட்சுமம்மாவின் முன்னால் நின்றான். கையைப் பிசைந்தான்.

"அத்தை, நான்..."

"போதும் தம்பி, போதும். கடைக்காரன் வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துடப் போறான், போ. அந்தப் பெடலையும் சிடியையும் எடுத்துக்க. நீயே மிதிச்சுப் பாரு, உனக்கும் காலு இருக்குதில்ல?"

ஹரிஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணா, அம்மாவுக்குச் சொல்லிடாதே," என்றாள் மகா. "யாருக்கும்."

"உன் மேல ஆணையா சொல்லமாட்டேன்." பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் போனதும் லட்சுமம்மா சாமி அலமாரிப் பக்கம் போனாள். திட்டுவாள் என்று மகா காத்திருந்தாள். திட்டவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்து, இன்னொரு காசு வைத்து, மறுபடி முடிந்தாள். இந்த முறை முடிச்சை இரண்டாகப் போட்டாள்.

"நீங்க திட்டு வாங்கறத என்னால பாக்க முடியல அத்தை."

"நான் திட்டு வாங்குனா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது," என்றாள் லட்சுமம்மா, திரும்பாமலே. "போய் சாஞ்சுக்க. ரொம்ப நேரமா நிக்கற."

*

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. ஹரிஷ்தான். கடையின் இரைச்சலுக்கு நடுவே, தூரத்தில் மிக்சர் மாமாவின் குரல் கேட்டது. நின்றது. பின்னால் போய், அதே இரண்டு வார்த்தையை மறுபடி சொன்னது. நின்றது.

"கேட்டுச்சா?" என்றான் ஹரிஷ். "அந்த ஆளு வந்து என் பக்கத்துலயே நின்னு மொறைக்கிறாரு. பில் போட்டாச்சு. வரேன்."

மகா போனை மார்போடு வைத்துக்கொண்டாள். வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. குடியாத்தம்.

"மகா, என்னடி விஷயம்?" என்றாள் அம்மா எடுத்ததுமே.

"என்னம்மா? ஒண்ணுமில்லையே."

"உங்கண்ணன் போன் பண்ணினான். என்னடான்னு கேட்டா, சும்மாதான் கூப்பிட்டேன், சாப்பிட்டியாங்கறான். என்னிக்குடி அவன் என்னை சாப்பிட்டியான்னு கேட்டிருக்கான்? அழறானா சிரிக்கறானான்னே தெரியல. எனக்கு மனசே சரியில்ல. நாளைக்கு முதல் பஸ்ல வரேன்."

"அம்மா, வேணாம்மா, இப்ப எதுக்கு..."

போன் வைத்தாகிவிட்டது.

லட்சுமம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வரட்டும்," என்றாள். "வந்தா வளையலோட வராம இருக்கணும்."

ஹரிஷ் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெடலைத் தானே கட்டிலுக்குக் கீழே சரியான இடத்தில் நகர்த்தி வைத்தான். கண்ணாடிக்குள் பல நாள் வெளிச்சத்தில் இருந்ததால் லேப்டாப்பின் மூடி ஒரு பக்கம் வெளுத்திருந்தது. பெடலின் அகலமான முனை அதன் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவன் சத்தம் போடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

மகா ஹெட்போனை மாட்டினாள். மிதித்தாள். மிக்சர் மாமா பேசினார், அவள் விரல்கள் ஓடின. இடது பக்கம் மிதித்தாள், திரும்பச் சொன்னார். ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கமும் முடிந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அவள் தோள் தளர்ந்தது. திங்கட்கிழமை வரட்டும்.

அப்போது அடிவயிற்றில் ஒரு சின்ன இழுப்பு.

அவள் காலை எடுத்தாள். குரல் நின்றது. காதுக்குள் அவ்வளவு அமைதி. இது காலையிலும் இருந்ததா? நிலைப்படியில் ரொம்ப நேரம் நின்றதாலா? இல்லை, வாய்விட்டுச் சொன்னதாலா? மறுபடி வருகிறதா என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

"இன்னா நிறுத்திட்ட?" என்றாள் லட்சுமம்மா, காய் நறுக்கிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல அத்தை."

லட்சுமம்மா கத்தியைக் கீழே வைத்தாள். மகாவின் கால் பெடலுக்கு மேலே, மிதிக்காமல், அப்படியே நின்றிருந்தது.